பட்டாளத்தில் போன உடம்புக்கு யார் பொறுப்பு?

போன மாதம் எங்கள் சங்க ஆபீசுக்கு ஒருவர் வந்தார். பட்டாளத்தில் பீரங்கிப் பிரிவில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். தகப்பனார் பண்ணையில் கூலி வேலை செய்தவர். கையில் மஞ்சள் பை. பை நிறையக் காகிதம். இரண்டு காதும் மந்தம். நாம் உரக்கப் பேசினால்தான் அவருக்குக் கேட்கிறது.

ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். "தோழர், வார்த்தை புரிகிறது. நியாயம்தான் புரியவில்லை" என்றார்.

கடிதத்தில் இருந்தது ஒரே வரி. இந்த ஊனம் ராணுவ சேவையால் உண்டானதும் அல்ல, சேவையால் அதிகமானதும் அல்ல. ஆகவே ஊனப் பென்ஷன் கிடையாது. ஏன் அல்ல? அதற்கு ஒரு வார்த்தை பதில் இல்லை. பீரங்கியின் பக்கத்தில் நின்றவனுக்குக் காது போனால், அது வேறு எங்கே போயிருக்கும்? மாரியம்மன் கோயில் மேளத்திலா?

தோழர்களே! மில்லில் வேலை செய்பவர்களுக்கு இது புதுக் கதையல்ல. பஞ்சுத் தூசியைத் தின்று நெஞ்சு அடைத்துப் போனால், "நீ பீடி குடித்தாய், அதனால் வந்தது" என்பான் முதலாளியின் டாக்டர். மெஷினில் விரல் போனால், "உன் கவனக் குறைவு" என்பான் மேஸ்திரி. உடம்பை வாங்கிக்கொள்வது அவர்கள். கெட்டுப்போனால் பொறுப்பு நம் தலையில். பட்டாளத்துக்காரனுக்கும் இதே கணக்குத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? ஊனம் சேவையால் உண்டாகியிருக்க வேண்டும், அல்லது சேவையால் அதிகமாகியிருக்க வேண்டும். மெடிகல் போர்டு அதை 20 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று மதிப்பிட வேண்டும். 1982-ம் வருஷத்து விதிகள் இன்னொன்றும் சொல்லின. சேரும்போது எழுதி வைக்கப்படாத நோய் எதுவும் அவனுக்கு அப்போது இருந்ததில்லை என்றே கொள்ள வேண்டும். நிரூபிக்கும் பாரம் சிப்பாயின் தலையில் இல்லை. சந்தேகம் வந்தால் அதன் பலன் அவனுக்கே.

ஏட்டில் இருந்த இந்த நியாயத்தை நடப்பில் வாங்க ஒரு சிப்பாய் சுப்ரீம் கோர்ட் வரை போக வேண்டியிருந்தது. 1985-ல் சிக்னல் படையில் சேர்ந்தவர் அவர். வலிப்பு நோய் என்று 1994-ல் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊனம் 20 சதவீதம். ஆனால் சேவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதினார்கள். ஹைகோர்ட்டில் தனி நீதிபதியிடம் ஜெயித்தார். சர்க்கார் அப்பீல் செய்து அதைக் கவிழ்த்தது. கடைசியில் 2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் நின்றது. சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லை, மெடிகல் போர்டு காரணமும் சொல்லவில்லை, ஆகவே பென்ஷன் கொடு என்றது. வேலை போய் 19 வருஷம் கழித்து!

2014 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு. ஊனம் 50 சதவீதத்துக்குக் குறைவானால் 50 என்றும், அதற்கு மேல் 75 வரை 75 என்றும், அதையும் தாண்டினால் 100 என்றும் உயர்த்திக் கணக்கிடும் முறை உண்டு. நோயால் பாதியில் அனுப்பப்பட்டவருக்கு மட்டுமல்ல, முழு சேவை முடித்து வந்தவருக்கும் அது பொருந்தும் என்று கோர்ட் சொன்னது. இதன் அருமை கணக்குப் போட்டால் தெரியும். 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது விதி. சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 சதவீத ஊனத்துக்கு மாதம் 2,400 ரூபாய். அதுவே 50 ஆனால் 6,000 ரூபாய். ஒரு குடும்பத்தின் அரிசியும் பருப்பும் மருந்தும் அந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

இத்தனை தீர்ப்புக்குப் பிறகு சர்க்கார் என்ன செய்ய வேண்டும்? தானாகக் கொடுக்க வேண்டும். செய்ததோ அப்பீல் மேல் அப்பீல். 2009-ல் ராணுவ ட்ரிப்யூனல் வந்தது. சென்னையிலும் அதன் கிளை உண்டு. ட்ரிப்யூனலில் சிப்பாய் ஜெயித்தால் சர்க்கார் மேல் கோர்ட்டுக்குப் போகிறது. இப்படி வழக்காடாதே என்று 2015-ல் ராணுவ மந்திரி நியமித்த நிபுணர் குழுவே சொல்லிற்று. கேட்டார்களா? 2025-லும் தில்லி ஹைகோர்ட் சர்க்காரின் இத்தகைய மனுக்களை ஏராளமாகத் தள்ளுபடி செய்ய வேண்டியிருந்தது. சர்க்கார் வக்கீலுக்குச் சம்பளம் நம் வரிப் பணம். சிப்பாயின் வக்கீலுக்கோ பெண்டாட்டியின் தாலி. யார் சீக்கிரம் களைப்பார்கள்?

"முறைகேடு நடக்கிறது, அதனால்தான் கண்டிப்பு" என்கிறார்கள். நல்லது; அந்தக் கணக்கையும் பார்ப்போம். மத்திய தணிக்கை அதிகாரியின் அறிக்கை 2023-ல் வந்தது. 2015-16 முதல் 2019-20 வரை ஓய்வு பெற்ற அதிகாரிகளில் வருஷத்துக்கு 36 முதல் 40 சதவீதம் பேருக்கு ஊனப் பென்ஷன் கிடைத்தது. அதிகாரி அல்லாதவர்களில் 15 முதல் 18 சதவீதம் பேருக்கே கிடைத்தது. பனிமலையில் காவல் நிற்பதும் மூட்டை சுமப்பதும் யார்? முறைகேடு இருந்தால் செய்தவனைப் பிடி! ஜவானின் கதவை ஏன் அடைக்கிறாய்? அதே 2023 செப்டம்பரில் புதிய விதிகள் வந்தன. நிபந்தனைகள் இறுகிவிட்டன என்று முன்னாள் ராணுவத்தினர் சங்கங்கள் ஆட்சேபித்தன.

2022-ல் வந்த அக்னிபாத் திட்டமோ பென்ஷன் என்ற பேச்சையே எடுத்துவிட்டது. நாலு வருஷப் பட்டாளம். சேவையால் ஊனமானால் 100, 75, 50 சதவீதத்துக்கு முறையே 44, 25, 15 லட்சம் ரூபாய், ஒரே தடவை. மாதா மாதம் ஊனப் பென்ஷன் கிடையாது. இருபத்திரண்டு வயதில் கால் போனவன் எழுபது வயது வரை நடக்க வேண்டாமா? மில்லில் கான்ட்ராக்ட் முறை, எல்லையில் அக்னிவீர் முறை. இரண்டும் ஒரே கொல்லன் பட்டறையில் அடித்த சங்கிலி.

"பட்டாளத்துக்காரன் விவகாரம் நமக்கு எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கலாம். அவன் யார்? நிலமில்லாத வீட்டின் மூத்த மகன். மில் கேட்டில் நின்று வேலை கிடைக்காமல் ரயில் ஏறியவன். காக்கியும் பச்சையும் கழற்றினால் உள்ளே இருப்பது நம் உடம்புதான். மேடையில் "வீர ஜவான்" என்று மாலை போடுகிறவர்கள், ஆபீசில் அவன் மனுவைக் கிடப்பில் போடுகிறார்கள்.

நாம் கேட்பது பிச்சை அல்ல. மறுக்கும் மெடிகல் போர்டு காரணத்தை எழுத வேண்டும். அதைச் சிப்பாயின் தாய்மொழியில் தர வேண்டும். தீர்ப்பான விஷயத்தில் சர்க்கார் அப்பீல் செய்யக் கூடாது. ஏழைச் சிப்பாய்க்கு இலவச வக்கீல் வேண்டும். அக்னிவீரனுக்கும் மாதப் பென்ஷன் வேண்டும்.

மஞ்சள் பையோடு வந்தவருக்கு அப்பீல் மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். காகிதத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். போய்ப் பாருங்கள். சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். தனியாகப் போட்டால் அது மனு. சேர்ந்து போட்டால் அது கோரிக்கை!