வளர்த்தவள் தாய் இல்லையா?

லயத்தில் ஒரு பிள்ளை பசித்து அழுதால், அது யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துவிட்டு யாரும் சோறு போடுவதில்லை. விடியுமுன் பிரட்டுக்குப் போகிற தாய், பக்கத்து வீட்டில் பிள்ளையைக் கிடத்திவிட்டுப் போகிறாள். தங்கை கண்ணை மூடிவிட்டால், அக்காள் அந்தப் பிள்ளையைத் தூக்கிவந்து தன் பிள்ளைகளோடு ஒன்றாக வளர்க்கிறாள். இதற்கெல்லாம் பத்திரம் எழுதிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருந்ததில்லை. இது நம் பெருமை. ஆனால் இந்தப் பெருமையே இன்று நம் பிள்ளைகளின் வைத்தியத்துக்கு முட்டுக்கட்டையாக நிற்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

சென்ற ஆண்டு எங்கள் தோட்டத்தில் நடந்த சங்கதி இது. ஏழு வயதுப் பையன் ஒருவன். அவனைப் பெற்றவள் நம் தோட்டத்தில் பால் வெட்டியவள்; பிள்ளைக்கு இரண்டு வயதாகும்போது இறந்துபோனாள். தகப்பன் வேறிடம் போய்விட்டான். அன்றிலிருந்து பிள்ளையை வளர்ப்பவள் பெரியம்மா. அந்த அம்மாள் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர். கீழ்ப்படி உத்தியோகந்தான், ஆனாலும் நிரந்தர உத்தியோகம். பையனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்பதைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியைதான் முதலில் கண்டுபிடித்தார். இரண்டு காதுக்கும் கருவி வேண்டும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் அந்தக் கருவி கிடைக்காது. வெளியில் வாங்க வேண்டும். சில ஆயிரம் வெள்ளி ஆகும்.

சர்க்கார் ஊழியரின் பிள்ளைக்கு அந்தச் செலவைச் சர்க்காரே ஏற்கும் என்று நம்பி, அம்மாள் விண்ணப்பம் போட்டார். தத்துப் பத்திரம் எங்கே என்று கேட்டார்கள். பத்திரம் இல்லை. விண்ணப்பம் திரும்பி வந்தது. காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு நம் ஆபீசுக்கு வந்தார்.

"கிராணி ஐயா, அஞ்சு வருஷமா இவன் என்னைத்தான் அம்மான்னு கூப்பிடுறான். அந்த ஆபீசுக்கு மட்டும் நான் அம்மா இல்லையாம்" என்றார்.

நம்மிடம் அதற்குப் பதில் இல்லை. பையன் பக்கத்தில் நின்று எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நாம் பேசியது எவ்வளவு அவன் காதில் விழுந்ததோ!

விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம் நாட்டில் சர்க்கார் ஊழியர்களின் வைத்திய வசதியை நிர்ணயிப்பது 1974-ஆம் ஆண்டின் பொது உத்தரவு, எஃப் அத்தியாயம். ஊழியர் தம் கணவர் அல்லது மனைவியையும் பிள்ளைகளையும் அதில் சேர்க்கலாம். பிள்ளை என்றால் 18 வயது வரை; படித்துக்கொண்டிருந்தால் 21 வயது வரை. உடலாலோ மூளையாலோ ஊனமுற்று, பெற்றோரையே நம்பி வாழும் பிள்ளைக்கு வயது வரம்பு இல்லை. மாற்றான் பிள்ளை, அதாவது முதல் தாரத்துப் பிள்ளை போன்றோருக்கும் இடம் உண்டு. தத்துப் பிள்ளைக்கும் உண்டு. ஆனால் சட்டப்படி எடுத்த தத்தாக இருக்க வேண்டும். ஊழியரின் தாய் தந்தையருக்கும் வசதி உண்டு என்பதை, பிள்ளைகளைச் சர்க்கார் உத்தியோகத்துக்கு அனுப்பியிருக்கும் நம் தோட்டத்துப் பெரியவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

சர்க்கார் ஆஸ்பத்திரியில்தான் எல்லாருக்கும் மலிவாயிற்றே, பிறகென்ன என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். பிரஜையாக இருப்பவர் 1 வெள்ளி கொடுத்தால் டாக்டரைப் பார்க்கலாம். நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. நோய் சிறியதாக இருக்கும்வரை சர்க்கார் ஊழியரின் பிள்ளைக்கும் வெட்டுக்காரரின் பிள்ளைக்கும் பெரிய பேதமில்லை. ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தும் கருவியும் வாங்க வேண்டிய நாளில்தான் பேதம் தெரிகிறது. ஒருவர் ரசீதைக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறுகிறார். மற்றவர் சங்கு வளையலை அடகு வைக்கிறார், அல்லது சமூக நல இலாகாவின் வாசலில் காத்து நிற்கிறார்.

மற்ற நாடுகள் எங்கே கோடு போடுகின்றன? தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களுக்கு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அங்கே பிள்ளைக்கு வேலை கிடைக்கும்வரை, அல்லது திருமணமாகும்வரை, அல்லது 25 வயது வரை, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை பாத்தியதை உண்டு. இந்திய மத்திய அரசின் திட்டத்தில் மகனுக்கு 25 வயது என்று வரம்பு. மகளுக்கோ சம்பாதிக்கும்வரை அல்லது திருமணமாகும்வரை, வயதைக் கேட்பதில்லை. அமெரிக்காவில் 2010-இல் வந்த சட்டம், பெற்றோரின் காப்பீட்டில் பிள்ளை 26 வயது வரை இருக்கலாம் என்றது. நம் நாட்டிலேயே, சொக்சோ எனப்படும் 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில், வேலை விபத்தில் இறந்த தொழிலாளியின் பிள்ளைக்கு 21 வயது வரை உதவித்தொகை. முதல் பட்டத்துக்குப் படித்தால் படிப்பு முடியும்வரை உண்டு.

ஆக, பிள்ளை எதுவரை பிள்ளை என்பது ஆண்டவன் எழுதிய எழுத்தல்ல. மனிதர் போட்ட கோடு. மனிதர் போட்ட கோட்டை மனிதர் மாற்றலாம். 22 வயதில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை தகப்பன் கையைத்தான் எதிர்பார்க்கிறது. 21 வயதோடு அதை வெளியே நிறுத்துவது இந்தக் காலத்துக்குப் பொருந்தாது என்பதே நம் அபிப்பிராயம்.

பத்திரம் கேட்பதே தவறு என்று நாம் வாதிடவில்லை. பொதுப்பணம் அது, யார் வேண்டுமானாலும் யாரையும் பிள்ளை என்று எழுதி வாங்கிவிட இடம் கொடுக்கலாகாது. ஆனால் பிள்ளை ஒரே வீட்டில் வளர்வதைப் பள்ளிக்கூடத்துப் பதிவேடு சொல்கிறது. கிளினிக் அட்டை சொல்கிறது. இவற்றைச் சாட்சியாக வைத்துத் தற்காலிகமாகச் சிகிச்சை கொடுத்து, பத்திரம் கொண்டுவர ஆறு மாதம் தவணை கொடுத்தால் சர்க்கார் என்ன நஷ்டப்பட்டுவிடும்? பத்திரம் காத்திருக்கும். பிள்ளையின் காது காத்திருக்குமா?

இனி நம் பக்கம் வருவோம். சர்க்கார் ஊழியருக்காவது பிள்ளை யார் என்று எழுதிவைத்த விதி ஒன்று இருக்கிறது. அதைக் காட்டிப் பேசலாம், எதிர்த்தும் பேசலாம். தோட்டத்தில் நிலை என்ன? தொழிலாளிக்கும் அவரை நம்பியிருப்போருக்கும் குடியிருப்பும் வைத்தியமும் தருவதைப் பற்றி 1990-ஆம் ஆண்டுச் சட்டம் பேசுகிறது. ஆனால் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நேர்ச் சம்பளம் போய்க் குத்தகை வந்த பிறகு, அந்த வசதி எத்தனை வீட்டுக்கு எட்டுகிறது? குத்தகைக்காரரின் கீழ் வேலை செய்பவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால், "நீ எங்கள் செக்ரோலில் இல்லை" என்பதே பதிலாகிறது. சிகாமட்டிலும் லாபீசிலும் குளுவாங்கிலும் இருக்கும் தோழர்கள் இதைப் படிக்கும்போது தங்கள் தோட்டத்தை நினைத்துக்கொள்வார்கள்.

ஆகவே, அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் சம்பளத்தோடு இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்கிறோம். தொழிலாளியை நம்பியிருக்கும் பிள்ளை யார் என்று எழுத்தில் வரட்டும். படிக்கும் பிள்ளைக்குப் படிப்பு முடியும்வரை, ஊனமுற்ற பிள்ளைக்கு ஆயுள்வரை என்று வரட்டும். வளர்ப்புப் பிள்ளைக்கும் அதில் இடம் இருக்கட்டும். குத்தகையில் வேலை செய்தாலும் அவர் நிற்பது அதே தோட்டத்து நிரையில்தான். அவர் பிள்ளைக்கும் அதே மருந்து வேண்டும்.

கேட்பது மட்டும் போதாது. நம் வீட்டுக் காரியத்தையும் நாம் சரிசெய்ய வேண்டும். கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது, ஊர் சாட்சி என்று இருந்துவிடுகிறோம். 1982 மார்ச் 1 முதல் அமலில் உள்ள சட்டப்படி, பதியாத திருமணம் சர்க்கார் கண்ணில் திருமணமே அல்ல. அதனால் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயரே சிக்கலாகிறது. பிந்தியேனும் பதியுங்கள்; தாய் தந்தையர் பிறகு முறைப்படி மணந்தால் பிள்ளைக்கு உரிமை தரும் சட்டம் 1961-இலிருந்தே இருக்கிறது. பிறப்பை 60 நாளுக்குள் பதியுங்கள். உறவுப் பிள்ளையை வளர்ப்பவர்கள் கோர்ட்டுக்குப் பயப்பட வேண்டாம். இரண்டு ஆண்டு தொடர்ந்து வளர்த்த 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கோர்ட்டுக்குப் போகாமலே தேசியப் பதிவு இலாகாவில் தத்தாகப் பதிய 1952-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி விட்டிருக்கிறது.

இந்தச் சட்டம் அந்தப் பெரியம்மாளுக்குத் தெரியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம், அன்றைக்கு நமக்கும் தெரியாது. ஆண்டுக்கணக்காகத் துரைக்குக் கணக்கெழுதத் தெரிந்த நமக்கு, ஐந்து வருடமாகக் கண்முன் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு பாரம் எழுதித் தரத் தோன்றவில்லை. பிறகுதான் விசாரித்து, பாரம் பூர்த்திசெய்து, அம்மாளோடு நாமும் போய்க் கொடுத்துவந்தோம். பத்திரம் வருவதற்குள் பையனுக்குப் பள்ளியில் ஓர் ஆண்டு வீணாயிற்று. ஒரு காதுக்கு மட்டும் கிளைத் தோழர்கள் தலைக்குக் கொஞ்சமாகப் போட்டு வாங்கித் தந்தார்கள். மற்றதற்கு இப்போது பாத்தியதை வந்திருக்கிறது.

கிராணிமார் தோழர்களே! மாதம் ஒரு மாலை ஆபீசைத் திறந்துவையுங்கள். திருமணம், பிறப்பு, தத்து ஆகிய மூன்று பாரங்களையும் மேசையில் வையுங்கள். வெட்டுக்காரத் தோழர்களே! கூச்சப்படாமல் வாருங்கள். நோய் வந்த பிறகு ஓடுவதைவிட, பிள்ளை நன்றாக இருக்கும்போதே ஒரு நாள் சம்பளத்தை விட்டுப் போய்ப் பதிந்துவருவது மேல். அந்த ஒரு நாளுக்கு நிர்வாகம் லீவு தர வேண்டும் என்று கேட்பதும் சங்கத்தின் வேலைதான், அதையும் கேட்போம்.