கடிப்பதற்கு முன்பே கிளி சொல்லிவிடும்

"வாங்கி ரெண்டு நாள்தான் ஆகுது டீச்சர், கடிச்சிருச்சு. கடையிலேயே திருப்பிக் கொடுக்கப் போறேன்" என்று என் மாணவன் ஒருவன் விரலில் பிளாஸ்தருடன் வந்தான். அவன் வாங்கியது காக்கட்டியல் கிளி. தவறு கிளியுடையது அன்று என்பேன்.

ஆஸ்திரேலியாவின் வறண்ட வெளிகளில் வல்லூறுக்கு இரையாகும் பறவை அது. புதிய வீட்டில், மேலிருந்து வரும் கை அதற்கு வல்லூறாகவே தோன்றலாம். பயந்தால் கொண்டையைத் தலையோடு படியவைக்கும், இறகுகளை உடலோடு ஒட்டி, மெலிந்து நிற்கும், சீறும். அப்போதும் கை விலகாவிட்டால்தான் பெரும்பாலும் கடிக்கும். கடி அதன் கடைசி எச்சரிக்கை.

எனவே, முதல் சில நாள்கள் கிளியைத் தொடாதீர்கள். கூண்டருகே அமர்ந்து குறிப்பெடுங்கள். கொண்டை தளர்ந்ததா? ஒற்றைக் காலில் நின்று ஓய்வெடுத்ததா? தூங்கும் முன் அலகை மெல்ல அரைத்ததா? இவை நிம்மதியின் அறிகுறிகள். நாள் முழுவதும் இறகை உப்பிக்கொண்டு சோர்ந்திருந்தால் மட்டும் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

கிளிக்கு நம் மொழியைக் கற்றுத்தர ஆசைப்படுகிறோம். முதலில் அதன் மொழியை நாம் கற்க வேண்டாமா? அந்த மாணவன் கிளியைத் திருப்பிக் கொடுக்கவில்லை, இப்போது குறிப்பெடுக்கிறான்.