புல்லை மிதிக்காதே என்று சொல்பவன் யார்?



கோல்ஃப் என்றதும் "அது பணக்காரங்க ஆட்டம், நமக்கெதுக்கு?" என்று ஒதுங்கி விடுகிறோம். ஆட்டம் அவர்களுடையதாகவே இருக்கட்டும். ஆடுகளத்தைக் காப்பாற்றுவது உழைப்பாளியின் கை. அந்தக் கையின் மதிப்பு குளிர்காலத்தில்தான் தெரியும்.

நம் ஊட்டியிலும் கோல்ஃப் மைதானம் உண்டு. டிசம்பர், ஜனவரி அதிகாலைகளில் ஊட்டிப் புல்வெளிகள் உறைபனியால் வெள்ளை வேட்டி விரித்த மாதிரி கிடக்கும். பார்க்க அழகுதான், மிதித்தால்தான் வம்பு! புல்லின் உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். அது உறைந்தால் இலை கண்ணாடி போல விறைத்துப் போகும். காலை வைத்தால் உள்ளேயிருக்கும் செல்கள் நொறுங்கும். அந்த நேரம் ஒன்றும் தெரியாது. வெயில் ஏறிய பிறகு பார்த்தால் கால்தடம் கால்தடமாகப் புல் கருகியிருக்கும்.

குளிர்நாடுகளில் பாடு இன்னும் அதிகம். மேல்மண் இளகியிருக்கும், அடிமண் உறைந்தே இருக்கும். தண்ணீர் வடிய வழியில்லை. அப்போது நடந்தால் வேரே அறுந்து போகும். மண்ணின் வெப்பம் சுமார் 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் புல் வளர்வது அநேகமாக நின்றுவிடும். அதனால் ஒரு காலை ஆட்டத்தில் பட்ட காயம் ஆற வசந்தம் வரை காத்திருக்க வேண்டும். ஆட்டமும் ஒழுங்காக இருக்காது. குளிர்ந்த பந்து தூரம் போகாது, உறைந்த தரையில் கண்டபடி துள்ளும்.

இதற்கு என்ன வழி? ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸைப் பாருங்கள். 1764இல் 18 குழி என்ற கணக்கு பிறந்ததே அங்கேதான். அங்குள்ள பழைய மைதானத்தில் குளிர்கால மாதங்களில், ஃபேர்வே என்னும் நடுப்புல்வெளியில் பந்தை ஒரு சின்னப் பாயின் மேல் வைத்துத்தான் அடிக்க வேண்டும். எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரருக்கும் அதே சட்டம்தான்! பெரிய போட்டிகள் நடக்கும் நாட்கள் தவிர, ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு விடுமுறை.

உறைபனி விழுந்த காலையில் நல்ல மைதானங்களில் ஆட்டத்தைத் தொடங்கவே விடமாட்டார்கள். புல்லைப் பராமரிப்பவர் குனிந்து பார்த்து "இப்ப வேண்டாம்" என்றால், கோட்டீஸ்வரனும் காத்திருக்க வேண்டியதுதான்.

"காசு கட்டியிருக்கேனே, ஏன் ஆடக்கூடாது?" என்று சிலர் கேட்கலாம். காசு ஆடும் உரிமையைத் தரும், புல்லைக் கொல்லும் உரிமையைத் தராது என்பதே என் கருத்து.

எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். நாளை நாமும் சூப்பர்வைசர் ஆவோம். "கான்கிரீட் இன்னும் இறுகலை, சென்ட்ரிங்கைப் பிரிக்காதீங்க சார்" என்று ஒரு கொத்தனார் சொல்வார். அவசரப்படும் முதலாளி பக்கம் நிற்போமா, அந்தக் கொத்தனார் பக்கம் நிற்போமா? வேலை தெரிந்தவனின் ஒரு சொல்லுக்குக் காத்திருப்பது கேவலமல்ல, அதுதான் படிப்பு!

சிந்திப்போம், நண்பர்களே!