மங்களூர்த் தனித்தொகுதியும் இரவல் சின்னமும்

கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், விருத்தாசலத்தை அடுத்துள்ள மங்களூர், தொகுதி மறுவரையறையால் 2011 தேர்தலில் திட்டக்குடிக்கு இடம்விட்டு மறையும்வரை ஒரு தனித்தொகுதியாக, அதாவது பட்டியல் சாதியினர் மட்டுமே போட்டியிடக்கூடிய சட்டமன்றத் தொகுதியாக விளங்கியது. விடுதலைச் சிறுத்தைகள் கட்சித் தலைவர் தொல். திருமாவளவன் சட்டமன்றத்துக்குச் சென்றது இத்தொகுதியிலிருந்துதான். ஐந்தாண்டுக் காலத்தை நிறைவு செய்யாமலேயே அவர் விலகிய வரலாறு, சின்னம் என்பது ஓர் உறுப்பினரை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்பதை விளக்குகிறது.

1962இல் அங்கனூரில் பிறந்து, தடய அறிவியல் துறையில் அரசுப் பணியாற்றிய அவர், 1990இல், பின்னர் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியான தலித் பாந்தர் இயக்கத்தின் தலைமைக்கு வந்தார். தேர்தலைப் புறக்கணித்துவந்த அவ்வியக்கம் 1999இல் களமிறங்கியது; 2001இல் தி.மு.க. கூட்டணியில் இடம்பெற்று, அவர் தி.மு.க.வின் உதயசூரியன் சின்னத்தில் மங்களூரில் நின்று வென்றார்.

குக்கிராமம்வரை அறிமுகமான சின்னம் புதிய கட்சிக்குப் பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்சின்னத்தைப் பெற, வேட்பாளர் தம்மால் நிறுத்தப்பட்டவர் என்று சின்னத்துக்குரிய கட்சி சான்றளிக்கும் ‘பி’ படிவம் தேவைப்படுகிறது. அதனால் வென்றவர், வெளியே வேறோர் இயக்கத்தின் தலைவராக இருந்தாலும், அவைக்குள் அக்கட்சியின் உறுப்பினராகவே கருதப்படுகிறார். விலைபோகும் உறுப்பினர்களைத் தடுக்க 1985இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித்தாவல் தடைச்சட்டம், கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிப்பவரும் கட்சியைத் தாமாக விட்டு விலகுபவரும் பதவியிழக்க வழிசெய்வதால், இரவல் சின்னத்தில் வென்றவருக்கும் அதே கட்டுப்பாடு பொருந்துகிறது. தி.மு.க. தலைமையுடன் முரண்பட்ட திருமாவளவன் 2004இல் உறுப்பினர் பதவியைத் துறந்தார். அவ்வாண்டு மக்களவைத் தேர்தலில் சிதம்பரத்தில் தோற்றார். எனினும், 2006இல் அ.தி.மு.க. அணியிலிருந்த விடுதலைச் சிறுத்தைகள் மங்களூரைத் தம் கட்சியின் பெயரிலேயே கைப்பற்றினர். அன்று வென்ற கு. செல்வப்பெருந்தகை பின்னர் காங்கிரஸ் கட்சியின் மாநிலத் தலைவரானார்.

மங்களூர் எழுப்பிய சிக்கல் அத்தொகுதியோடு முடிந்துவிடவில்லை. 2019இல் திருமாவளவன் பானைச் சின்னத்தில் 3,219 வாக்குகள் வித்தியாசத்தில் சிதம்பரத்தில் தப்பிப் பிழைத்தபோது, அதே கட்சியின் து. ரவிக்குமார் உதயசூரியனில் நின்று விழுப்புரத்தில் வென்றதால், நாடாளுமன்றக் கணக்கில் கட்சிக்கு ஓர் உறுப்பினரே மிஞ்சினார். 2024இல் இருவரும் பானையிலேயே வென்ற பிறகுதான் மாநிலக் கட்சி என்னும் அங்கீகாரம் கிட்டியது. ஆகவே கூட்டணிப் பங்கீட்டை மதிப்பிடுவோர், ஒரு சிறிய கட்சிக்கு எத்தனை இடங்கள் கிடைத்தன என்று எண்ணுவதோடு, அவற்றில் எத்தனை அதன் சொந்தச் சின்னத்தில் கிடைத்தன என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.