குடித்ததும் முகம் சிவக்கிறதா? முதலில் மருந்துச் சீட்டைப் பாருங்கள்

"ஒரு ரவுண்டுக்கே முகம் செவந்துடுச்சே!" என்று நண்பர்கள் கிண்டல் செய்யலாம். ஆனால் அது உடல் தரும் எச்சரிக்கை. கருத்த சருமத்தில் சிவப்பு தெரியாது. சூடும் படபடப்பும்தான் தெரியும்.

உள்ளே என்ன நடக்குது?

கல்லீரல் மதுவை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றுகிறது. ஏஎல்டிஹெச்2 என்ற நொதி அதைச் சிதைக்கிறது. நொதி வேலை செய்யாவிட்டால் நச்சு தேங்கும், ரத்தக்குழாய் விரியும், முகம் சிவக்கும்.

அப்போ இது பரம்பரைக் கோளாறா?

சீனா, ஜப்பான், கொரியாவில் பெரும்பாலும் ஆம். அந்த மரபணு மாற்றம் உலகில் சுமார் 54 கோடிப் பேரிடம் உள்ளது. தென்னிந்தியாவில் இது அபூர்வம். அதனால் திருவனந்தபுரத்திலோ திருநெல்வேலியிலோ இருக்கும் உங்களுக்கு முகம் சிவந்தால், முதலில் கேட்க வேண்டியது "இப்போ என்ன மாத்திரை சாப்பிடுறோம்?" என்பதைத்தான். மெட்ரோனிடசோல், டினிடசோல், படர்தாமரைக்குத் தரும் கிரிசியோஃபல்வின் மாத்திரைகளின் எச்சரிக்கைப் பட்டியலிலேயே இது இருக்கிறது. பீர், ஒயினுக்கு மட்டும் இப்படி ஆனால், அதில் உள்ள ஹிஸ்டமின், சல்ஃபைட் காரணமாக இருக்கலாம். ரோசேசியா என்ற சருமக் கோளாறும் இருக்கலாம்.

எது ரொம்ப ஆபத்து?

டைசல்ஃபிராம். குடியை நிறுத்த டாக்டர்கள் தரும் இந்த மருந்து, அதே நொதியைத் தடுக்கிறது. தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) கேரளத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 19.9%, தமிழ்நாட்டில் 25.4% பேர் குடிக்கிறார்கள். குடியால் நொந்த குடும்பங்கள் சில, இந்த மாத்திரையைத் தெரியாமல் சோற்றிலோ குழம்பிலோ கலந்துவிடுகின்றன. தவிப்பு புரிகிறது, ஆனால் இது உயிரோடு விளையாட்டு. ரத்த அழுத்தம் சரிந்து மரணம்கூட நேரலாம். நோயாளிக்கு முழுமையாகத் தெரியாமல் தரவே கூடாது என்பது மருந்தின் எச்சரிக்கை வாசகம். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரை அதன் தாக்கம் நீடிக்கலாம். மதுக்கடைக்கே போகாவிட்டாலும், ஆல்கஹால் உள்ள இருமல் டானிக்கும் தசமூலாரிஷ்டமும் வினையாகலாம்.

அலர்ஜி மாத்திரை போட்டா சரியாகுமா?

சிவப்பு குறையலாம், நச்சு குறையாது. எச்சரிக்கை மணியைக் கழற்றி வைப்பது போலத்தான். முகம் சிவப்பவர்கள் குடியைத் தொடர்ந்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து அதிகம்.

முகம் சிவக்காதவங்களுக்குக் கவலை இல்லையா?

இருக்கிறது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 13 பஞ்சாயத்துப் பகுதிகளில் நடத்திய ஆய்வு 2005-ல் லான்செட் இதழில் வந்தது. வாயை வெளிச்சத்தில் பார்த்துப் பரிசோதித்ததாலேயே, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

இப்போ என்ன செய்யணும்?

முகம் சிவந்தால் குடிப்பதை அங்கேயே நிறுத்துங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் இருந்தால் 108. டாக்டரிடம் எல்லா மருந்தையும் காட்டுங்கள், அரிஷ்டம் உட்பட. வீட்டில் யாரையாவது குடியிலிருந்து மீட்க வேண்டுமா? குழம்பில் கலக்காதீர்கள், அவரிடமே பேசுங்கள். டெலி-மனஸ் 14416 எண்ணில் தமிழிலும் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.