மாசுபடுத்தியவர் பணம் கட்டட்டும், யார் கையில்?

சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு முதலில் சொல்லித்தரப்படும் தீர்ப்புகளில் ஒன்று நம் பாலாற்றங்கரையிலிருந்து போனது. தோல் பதனிடும் ஆலைகளுக்கு எதிராக வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. நீடித்த வளர்ச்சி, முன்னெச்சரிக்கை, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடுகள் இந்த நாட்டின் சட்டம் என்று அது அறிவித்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்தக் கோட்பாடுகள் ஊரைத் தாண்டிச் சேரிக்கு வந்தனவா என்று நாம் கேட்டாக வேண்டும்.

தோல் ஆலைக் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதாகத் தீர்ப்பே பதிவு செய்கிறது. இழப்பீட்டைக் கணக்கிடத் தனி ஆணையம் வந்தது. பாழான நிலத்தை அளந்து தொகை நிர்ணயித்தார்கள். பட்டா வைத்திருந்தவர் பாதிக்கப்பட்டவர் ஆனார். அந்த நிலத்தில் நாற்று நட்டவள், களை பறித்தவள், அறுத்துக் கட்டியவள் என்ன ஆனாள்? நிலம் தரிசானபோது அவளுக்கு வருடம் முழுக்கக் கூலி போனது. ஆட்டுக்குப் புல் போனது, குடிக்கத் தண்ணீர் போனது. இதில் எதற்கும் சர்வே எண் கிடையாது. அதனால் கணக்கிலும் அவள் கிடையாது.

2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் 16.6 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சாகுபடிப் பரப்பில் அவர்கள் கையில் இருப்பதோ 9 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. நிலம் வைத்திருக்கக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகத் தடுத்துவிட்டு, நிலம் இருந்தால்தான் இழப்பீடு என்றால், பழைய தீண்டாமைக்குப் புதிய ரசீது போட்டுக் கொடுத்தது போலத்தான். பட்டா வைத்திருந்தவர்களுக்காவது முழுசாகக் கிடைத்ததா? கொடுபடாமல் கிடந்த தொகையை ஆறு வாரத்துக்குள் கொடுங்கள் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. 28 வருடம்!

அடுத்தது நீடித்த வளர்ச்சி. ஒரு தட்டில் அந்நியச் செலாவணி, மறு தட்டில் ஆறு. இரண்டையும் சமன் செய்ய வேண்டும் என்கிறார்கள். ஈரத் தோலைச் சுமக்கிற, ரசாயனத் தொட்டியில் கைவிடுகிற தொழிலாளி எந்தத் தட்டில் இருக்கிறார்? ஆலையை மூடச் சொன்னால் மட்டும் “உங்க ஜனங்களுக்குத்தான் வேலை போகும்” என்று நம்மைக் கேடயமாகப் பிடிக்கிறார்கள். லாபம் பிரிக்கும்போது வராத இந்தப் பாசம், அபராதம் வரும்போது மட்டும் எப்படி வருகிறது?

முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டின் லட்சணத்தை ராணிப்பேட்டையில் பார்த்தோம். 2015 ஜனவரியில் சிட்கோ வளாகத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த கூலிகள். ஆற்றைக் காப்பாற்றக் கட்டிய தொட்டி ஆளைக் கொன்றது. மலக்குழி மரணங்களும் இதே கதைதான். 2013இல் தடைச் சட்டம் வந்தது. இழப்பீடு 2014இல் 10 லட்சம், 2023இல் 30 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தொகை ஏறியது, குழியில் மனிதனை இறக்குவது நிற்கவில்லை. செத்த பிறகு கொடுப்பதற்குப் பெயர் முன்னெச்சரிக்கையா?

“சுற்றுச்சூழலில் ஏன் சாதியை இழுக்கிறீர்கள்?” என்பார்கள். 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் போய்ச் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். குளம் தீட்டாகிவிட்டதென்று சாதி இந்துக்கள் சாணத்தையும் கோமியத்தையும் குளத்தில் கொட்டிச் ‘சுத்தம்’ செய்தார்கள். மனிதன் தொட்டால் தீட்டு, குரோமியம் கலந்தால் வளர்ச்சி என்று பார்க்கும் கண்ணுக்குச் சாதி இல்லையா? பொதுத் தண்ணீர் எல்லோருக்கும் பொது என்று இந்த மண்ணில் நடந்த பெரும் போராட்டம் மகாத். சுற்றுச்சூழல் வரலாற்றைச் சிப்கோவிலிருந்து தொடங்குகிறவர்கள் அதை ஏன் எண்ணுவதில்லை?

நம் கோரிக்கைகள் எளியவை. இழப்பீட்டுக் கணக்கில் பட்டாவுக்கு இணையாக இழந்த கூலி நாட்களையும் குடிநீரையும் உடல்நலத்தையும் சேர்க்க வேண்டும். நிலமற்றோர் பட்டியலைச் சேரியிலேயே கிராம சபை கூட்டி, பெண்கள் முன்னிலையில் எடுக்க வேண்டும். ஆலைக் கழிவுத் தொட்டியிலும் குழியிலும் மனிதனை இறக்கினால், இறப்புக்குக் காத்திராமல் உரிமையாளர் மீது வழக்குப் போட வேண்டும். கண்காணிப்புக் குழுக்களில் தொழிலாளர்களுக்கும் சேரி மக்களுக்கும் இடம் வேண்டும்.

மாசுபடுத்தியவர் பணம் கட்டட்டும். அதற்கு முன்னால், பாதிக்கப்பட்டவர் யார் என்ற பட்டியலில் எங்கள் பெயரை எழுதுங்கள்.