பழைய காரின் கோடுகளை அழிக்காதீர்கள்

கலிபோர்னியாவின் மில்பிட்டாஸில் உள்ள ‘கிரேட் மால்’ வணிக வளாகத்துக்குப் போய்வரும் தமிழர்கள் ஏராளம். அந்தக் கட்டடம் 1955 முதல் 1983 வரை ஃபோர்டு கார் ஆலையாக இருந்தது. என்னிடம் உள்ள 1966 மாடல் மஸ்டாங் அங்கே உருவானதுதான். கதவுத் தகட்டில் இருக்கும் எண்ணில் 6 ஆண்டையும், அதை அடுத்து வரும் ஆர் என்ற எழுத்து ஆலையையும் குறிக்கும். டியர்பார்னில் செய்த காருக்கு அந்த எழுத்து எஃப். நியூஜெர்சியின் மெட்டச்சனில் செய்ததற்கு டி.

ஓய்வுபெறும்வரை நான் பார்த்தது தரப் பரிசோதனை வேலை. முறுக்கிய போல்ட்டைச் சரிபார்த்ததும் அதன் தலையில் ஒரு பொட்டு பெயின்ட் வைப்போம். அதே வழக்கம் என் காரின் அடியிலும் தெரிகிறது. ஸ்டீயரிங் பெட்டியில் ஒரு வண்ணப் பொட்டு, டிரைவ் ஷாஃப்ட்டைச் சுற்றி வண்ணப் பட்டை, என்ஜினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் மெழுகுப் பென்சிலால் அவசரமாகப் போட்ட கோடு. எந்தப் பாகம் எந்தக் காருக்கு, எது சரிபார்த்தாகிவிட்டது என்பதை ஓடும் வரிசையில் அடுத்தவருக்குச் சொல்லும் குறிகள் இவை. தகடுகள் சேரும் இடத்தில் தூரிகையால் இழுத்த சீலர் மேடும் பள்ளமுமாக நிற்கிறது. பாஸ்பேட் பூச்சு கொடுத்த போல்ட்டுகள் மங்கிய கறுப்பு.

பழைய காரைப் புதுப்பிக்கப் பட்டறையில் விட்டால், இவைதான் முதலில் போகின்றன. மணல் பீய்ச்சிச் சுரண்டுகிறார்கள், சீலரை வழவழப்பாக்குகிறார்கள், போல்ட்டுகளுக்குக் குரோம் பூசுகிறார்கள். வெளியே வருவது எந்த ஆலையும் செய்யாத கார். 1974-இல் தொடங்கிய நேஷனல் கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சொசைட்டி இதைச் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறது. கார் ஆலையை விட்டு வந்தபோது எப்படி இருந்ததோ, அதுவே அவர்களின் அளவுகோல்; அதைவிட மினுக்கினால் மதிப்பெண் குறையும்.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடக்கிறது. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, வேறொரு காரின் படத்தைப் பார்த்துப் புதிதாகக் கோடு போடுகிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். ஒரே மாடல் என்றாலும் ஆலைக்கு ஆலை பழக்கம் மாறும். இந்தக் காரில் இருந்ததற்குச் சான்று இருந்தால் மட்டுமே ஒரு குறியைத் திரும்ப வரையலாம்.

இந்தப் பிடிவாதம் வெறும் இரும்புக்காக அல்ல. 1955-இல் ரிச்மண்டிலிருந்து ஆலை மில்பிட்டாஸுக்கு மாறியபோது, கறுப்பினத் தொழிலாளர்களுக்கு அக்கம்பக்கத்தில் வீடு கிடைக்கவில்லை. தொழிற்சங்கம் முன்னின்று, எல்லா இனத்தவரும் சேர்ந்து வாழும் சன்னிஹில்ஸ் குடியிருப்பை உருவாக்கியது. அந்தத் தொழிலாளர்களில் ஒருவரான பென் கிராஸ் 1966-இல் மில்பிட்டாஸ் மேயரானார். அவருடைய பெயரை வரலாறு வைத்திருக்கிறது. வரிசையில் நின்ற மற்ற ஆயிரக்கணக்கானவர்கள் விட்டுச்சென்றது இந்தக் கோடுகளும் பொட்டுகளும்தான்.

பழைய அமெரிக்கக் கார் உங்கள் கைக்கு வந்தால், துணியை எடுக்கும் முன் கேமராவை எடுங்கள். அடிப்பகுதி, போல்ட் தலைகள், சீலர் என எல்லாவற்றையும் படம் பிடியுங்கள். துரு தின்ற இடத்தை மட்டும் சரிசெய்யுங்கள். பெயின்டை எப்போது வேண்டுமானாலும் மறுபடி அடிக்கலாம். அழித்த குறி அழித்ததுதான்.